துடைத்த கண்ணாடி

ரங்கூனிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்த என் கணவரின் விரலில் டாக்டர் ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஜன்னலில் காயவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. ரத்தக்கறை ஆகாதென்று, யோசிக்காமல் நான் அதைத் துடைத்துவிட்டேன்.

துடைத்த பிறகுதான் பயம் வந்தது. மாமியாரிடம் ஏச்சு வாங்கத் தெம்பில்லை. தையல் ஊசியால் என் விரலைக் குத்தி, அதே மாதிரி தடவி வைத்தேன். புருஷன் பெண்டாட்டி ரத்தம் ஒன்றுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் மறுபடி எங்கள் ஊர் மானகிரிக்கு வந்தார்.

"மைக்ராஸ்கோப்புல பாத்தேன். ரத்தத்துல மலேரியாக் கிருமி நெறைய இருக்கு. இவுகளுக்குக் கொயினா மருந்து கொடுக்கணும்," என்றார்.

தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அது அவுக ரத்தமில்லைங்க. என்னுது."

மாமியார் என்னையே பார்த்தபடி நின்றார். டாக்டர் திட்டவில்லை. கணவரின் விரலில் மறுபடி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சி, உங்களுக்கு எத்தன நாளாக் குளிர்காச்சல் வருது?"

ஒரு மாதமாக நடுங்கிக்கொண்டுதான் சமைத்தேன். அடுப்புப் பக்கம் நின்றால் சரியாகிவிடும் என்றிருந்தேன். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.