பேச்சறையில் இருவர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவரை எல்லாரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எவனோ வைத்த பெயர். பேச வாயெடுத்தால் கமா போட்ட மாதிரி பாதியில் நாக்கு நின்றுவிடும். அந்தக் கேலிப் பெயரோடே திக்குவாய்க்காரர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தார். நாளடைவில் அதைக் கட்டி மேய்ப்பவரும் அவரே ஆனார். அங்கே எல்லாம் எழுத்துதான். எழுத்தில் கமா பெரிய வாயாடி.

குழு இயங்கிவந்த இணையதளத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாரையும் மூட்டை முடிச்சோடு வேறொரு செயலிக்குக் கூட்டிப் போக வேண்டும். 'பின்சீட்டு' என்கிற உறுப்பினர் மட்டும் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில், "வந்து பாக்கறேன். பிடிக்கலன்னா கெளம்பிடுவேன்" என்று எழுதினார். வழுக்கை விழுந்த, சிடுசிடுவென்ற பெரியவர் என்று கமா அவரைக் கற்பனை செய்து வைத்திருந்தார்.

ஞாயிறு மதியம் வீட்டில் அவருடைய அண்ணி உதவிக்கு உட்கார்ந்தாள். புது இடத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. ஒருவர் நேர்முகத் தேர்வுக்குப் பயந்து எழுத, அதன் கீழே இன்னொருவரின் பிறந்தநாள் வாழ்த்து வந்து விழுந்தது. பழைய ஆட்கள் புதுப் பெயர்களில் உலவினார்கள்.

"யா... யாருக்கு யார் பதில் சொல்றாங்க அண்ணி?"

"எனக்கே சுத்துது தம்பி. இருங்க, துணியக் காயப்போட்டுட்டு வரேன்."

அவள் போனதும், அறிவிப்பு போடும் இடம் என்று நினைத்து ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டார். திறந்ததோ குரலில் பேசிக்கொள்ளும் பேச்சறை. கைபேசியிலிருந்து எங்கோ குழாய் சொட்டும் சத்தம் வந்தது. பிறகு ஒரு மூச்சு.

"யா... யா... யாரது?" இளம்பெண் குரல்.

கமா திரையெங்கும் தேடினார். வெளியேறும் பொத்தானைக் காணவில்லை. குழுவை நடத்துகிறவனே பதில் சொல்லாமல் ஓடலாமா?

"க... க..."

கடையில் என்றால் இதற்குள் வாடிக்கையாளர் தாமே நாலு வார்த்தையை எடுத்துக் கொடுத்திருப்பார். இங்கே யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. குழாய் மட்டும் சொட்டியது. அந்தப் பெண் இருக்கிறாளா, போய்விட்டாளா?

"...கமா."

"ஐயோ, நீங்களா! நான் பி... பின்சீட்டு. வெளிய போற வழியத் தேடினேன். இங்க வந்து மா... மாட்டிக்கிட்டேன்."

"நா... நானும்தான். உங்கள வ... வயசான ஆம்பளன்னு நெனச்சேன்."

"நீங்க எழுதற எழுத்துக்கு, உங்களப் பொ... பொம்பளன்னு நெனச்சேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு எங்கேயும் திக்கவில்லை.

விஷயம் பரவியதும் குழு இரண்டுபட்டது. "எழுதத்தான் வந்தோம், பேச இல்ல. அந்த அறைய மூடுங்க" என்றார்கள் சிலர். வேறு சிலர் உள்ளே போவது எப்படி என்று தனியாகக் கேட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். பழைய தளத்தில் தினமும் எழுதிய பலர் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. கிளம்புவேன் என்ற பின்சீட்டு கிளம்பவில்லை. ஆனால் பேச்சறைக்கு மறுபடி வரவும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல. அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று எழுதினாள்.

"மாறினது நல்லதாப் போச்சா, இல்லையா தம்பி?" என்று அண்ணி கேட்டாள்.

பேச்சறையை மூடக் கமாவுக்கு மனம் வரவில்லை; வாருங்கள் என்று அழைக்கவும் வாய் வரவில்லை.

"இருக்கட்டும் அண்ணி," என்றார். "எ... எனக்கே இன்னும் ஒண்ணும் புரியல."