வாடகை மென்பொருளைக் காலி செய்த கதை

கணினி பராமரிக்கிறவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது, எது ஓடவில்லை என்பதுதான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் டெல்லி புசா ரோடில், வீட்டுச் சாமான்களைக் கட்டி ஊர்விட்டு ஊர் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மாற்றலாகிப் போகிற அரசாங்க ஊழியர்கள் இந்த ஊரில் குறைவதே இல்லை என்பதால் கம்பெனி வேகமாக வளர்ந்தது. யார் வீட்டில் ஏற்றி எங்கே இறக்குவது என்ற பதிவுகள் எல்லாம் கணினியில். கணினிகள் எல்லாம் என் தலையில்.

பதினோராவது ஆள்

நான் சேர்ந்தபோது பதிவுப் பிரிவில் நாலு பேர். இரண்டு வருடத்தில் பதினோரு பேர். பதிவுக்கான மென்பொருளை வருடச் சந்தாவில் எடுத்திருந்தோம். ஒரே சமயத்தில் பத்துப் பேர்தான் திறக்கலாம். பதினோராவது ஆள் திறந்தால், இடமில்லை, காத்திருக்கவும் என்று வரும். யாராவது டீ குடிக்க எழுந்திருக்க மாட்டார்களா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதலாளி சேத்தி சாப், லாரி கிளீனராக இருந்து இந்தக் கம்பெனியைக் கட்டியவர். ஒரு நாள் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து நின்று, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். திறக்காது என்றேன். நம்முடைய பழைய பதிவுகள்? அவற்றையும் பார்க்க முடியாது என்றேன். அவர் பேசுவது பஞ்சாபி கலந்த ஹிந்தி; என் தமிழில் சொல்கிறேன். அவர் அடுத்துக் கேட்டது: "வாடகை வீட்டைக் காலி பண்ணினா, வீட்டுக்காரன் நம்ம சாமானையும் வெச்சுக்குவானா?"

யார் அந்த ஆட்கள்?

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், அதன்மேல் நம் பதிவுத் திரையை நானே எழுதினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விளக்கினேன். சேத்தி சாப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யார் எழுதுகிறார்கள்? பல நாட்டுக்காரர்கள். அவர்களுக்குள் பழக்கமா? பெரும்பாலும் முகம்கூடப் பார்த்ததில்லை. சண்டை வராதா? நிறைய வரும், அதையும் எல்லோரும் படிக்கலாம். இந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் மூன்று தம்பிகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

கடைசியாக, ஏதாவது கெட்டுப்போனால் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று கேட்டார். என்னைத்தான் என்றேன். "அச்சா. நீங்க கைக்கு எட்டின தூரத்தில இருக்கீங்க. அப்போ ஆரம்பிங்க."

சுனிதாஜியின் விரல்கள்

பதிவுப் பிரிவில் மூத்தவர் சுனிதாஜி. புதுத் திரை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஐம்பது வயதில் முதலிலிருந்து கற்றுக்கொள்ளச் சொல்வார்கள், முடியாவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. கோபம் என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கவனித்தேன். அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. தொலைபேசியில் பேசிக்கொண்டே விரல்கள் தாமாக ஓடுகின்றன: ஏழாவது பொத்தான், பெயர், இரண்டாவது பொத்தான், முகவரி. எது எதற்கு என்று அவரைக் கேட்டால் தெரியவில்லை. விரலைக் கேட்டால் தெரிகிறது. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, புதுத் திரையிலும் அதே பொத்தான் அதே வேலையைச் செய்யும்படி எழுதினேன். உட்கார்ந்த முதல் நாளே மதியத்துக்குள் பதினாறு பதிவு போட்டுவிட்டார். நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். சுனிதாஜி டப்பாவைத் திறந்து ஒரு பராட்டாவை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "புதுசு புதுசுன்னு பயமுறுத்தினீங்களே மேடம், இது பழசுதானே?"

இங்கே ஏற்றி அங்கே இறக்கி

பழைய மென்பொருள் எங்கள் பதிவுகளை மொத்தமாக வெளியே கொடுக்காது. அச்சடிக்க மட்டும் விடும். சந்தா முடிய மூன்று வாரம் இருந்தது. அச்சுக்குப் போவதைக் காகிதத்துக்குப் பதிலாக ஒரு கோப்பில் விழ வைத்து, அதைப் பிரித்து மேய்ந்து புதிய இடத்தில் சேர்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். லக்ஷ்மிபாய் நகர் என்பதைப் பதினான்கு விதமாக எழுதலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எல்லாம் வந்து சேர்ந்தது. ஒரே பக்கத்தில் மட்டும் ஒரு வரி நகர்ந்து, ஏற்றும் முகவரியும் இறக்கும் முகவரியும் இடம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழர், வேங்கடேசன். லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பைக் காலி செய்து மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டுக்குப் போகிறார். அன்று மாலைக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். எங்கள் லாரியோ மயூர் விஹாரில் பூட்டிய காலி வீட்டு வாசலில் நிற்கிறது. தொலைபேசியில் விஷயம் தெரிந்ததும் அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டேன். லாரியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து லக்ஷ்மிபாய் நகருக்கு நானே போனேன். வீடு முழுக்க மூட்டைகள். அவர் சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார்.

"சார், தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை. நான் எழுதின நிரலில் பிசகு" என்றேன்.

"எங்க பிசகித்து? காமிக்கறேளா?"

கையில் இருந்த அச்சுத்தாளைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். இவர் முகவரி இரண்டு வரியில் முடியாமல் மூன்றாவது வரிக்குப் போனதால்தான் நகர்ந்திருக்கிறது என்று என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்தார். லாரி ஐந்து மணிக்கு முன்னால் வந்து, ஆட்கள் ஜல்தி ஜல்தியாக ஏற்றி முடித்தார்கள். சாவியை ஒப்படைக்கக் கிளம்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் சர்க்கார்ல ஃபைல் பாத்திருக்கேன் அம்மா. தப்புப் பண்ணினவாளே நேர்ல வந்து காமிச்சது இதான் முதல் தடவை."

டை கட்டியவர்

சேத்தி சாப் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் பழைய மென்பொருள் கம்பெனியின் விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவரை யார் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. என் மேஜையைக் காலி செய்ய ஒரு அட்டைப்பெட்டி போதுமா என்று யோசித்தபடி நானும் போய் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாகத்தான் பேசினார். சேத்தி சாப் ஒன்றே ஒன்று கேட்டார்: திரும்பி வந்தால், வேண்டும்போது எங்கள் பதிவுகளை நாங்கள் எடுத்துக்கொண்டு போகலாமா? அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், மேலிடத்தில் பரிசீலிப்பார்கள் என்றார் விற்பனைக்காரர். சேத்தி சாப் அவருக்கு டீ வரவழைத்தார். அதோடு பேச்சு முடிந்தது. வழியனுப்பப் படிவரை போனேன். நாங்கள் என்ன போட்டிருக்கிறோம், எப்படிப் போட்டோம் என்று நின்று நிதானமாக விசாரித்தார். பிறகு ஒரு படி இறங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அந்த லினக்ஸ் சிடி ஒரு காப்பி கிடைக்குமா மேடம்? ஆபீசுக்கு இல்லை, வீட்டுக்கு."

உடைந்த எழுத்து

சாமான் ஏற்றும் ஆட்களின் தலைவர் ராம்தாரிக்கு ஹிந்தி மட்டுமே படிக்கத் தெரியும். அதுவரை மூட்டைச் சீட்டுகள் ஆங்கிலத்தில்தான் அச்சாகும். யாராவது படித்துச் சொல்ல வேண்டும். புதிய திரையில் ஹிந்தியும் வருகிறது என்பதால் சீட்டை ஹிந்தியில் அடித்துக் கொடுத்தேன். ராம்தாரி உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். லக்ஷ்மிபாய் என்பதில் 'க்ஷ' உடைந்து, துண்டு துண்டாக விழுந்திருந்தது.

அச்சு நிரலை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதிப்போட்டேன். மறுநாள் காலை, எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார்: எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது, சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். ராம்தாரியையே பெரிதாக ஒரு 'க்ஷ' எழுதச் சொன்னேன். பாலிஷ் செய்த மாதிரி அழகான கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பத்து நாளில் திருத்தம் வந்தது. ராம்தாரி சீட்டைக் கையில் வாங்கி, நடுவில் நிற்காமல் முழு முகவரியையும் படித்தார். சுனிதாஜிகூடத் திரும்பிப் பார்த்தார்.

சேத்தி சாப் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஆளுக்கு நாம் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாமாம் என்றேன். அவருக்கு அது சரியாகப் படவில்லை. அறைக்குக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்தார். "எழுதிப்போடுங்க மேடம். எந்த தேசமா இருந்தாலும் சரி, அவர் வீடு மாத்தும்போது சாமான் ஏத்த நம்ம ஆளுங்க வருவாங்க."

ஒரு கம்பெனியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று எல்லோரும் மறந்துபோகிற நாள்தான் நம் தொழிலில் வெற்றி நாள், நமக்கு அங்கே என்ன வேலை என்று நிர்வாகம் யோசிக்கத் தொடங்குவதும் அதே நாளில்தான்.