ஐந்தாவது கதிரை

கைப்பிடியொன்று உடைந்த அந்த மரக்கதிரையை இன்றும் என்னால் அடையாளம் சொல்ல இயலும். மட்டக்களப்பு வாவியோரத்து ஆஸ்பத்திரியொன்றில் நான் நோயாளர் விடுதிச் சிற்றூழியனாகக் கடமையாற்றிய காலம் அது. பல துறை மாணவர் ஒரு நோயாளியைச் சூழ்ந்திருந்து கூட்டாகப் பயிலும் வகுப்புக்குக் கதிரை போடுவது என் பொறுப்பு. மருத்துவம், தாதியியல், மருந்தாக்கம், இயன்மருத்துவம் என நான்கு கதிரைகள். ஒருநாள் விரிவுரையாளர் அம்மையார் ஆய்வுகூட மாணவி ஒருத்தியையும் அழைத்து வந்தார். "லெப் பிள்ளைக்கு லெப்பில கதிரை இருக்குத்தானே அம்மா" என்றேன் நான். மாணவர் சிரித்தனர். அவள் யன்னலோரம் நின்றுகொண்டாள்.

கட்டிலில் கிடந்தவர் கிரான் ஊரைச் சேர்ந்த விவசாயி. இரண்டு நாட்களாக அவருக்கு உணவு செல்லவில்லை. காலையில் வந்த இரத்த அறிக்கையோ சீனியை மிக உயர்வாகக் காட்டிற்று. இன்சுலின் ஏற்றவேண்டும் என நால்வரும் ஒருமித்துக் கூற, விடுதித் தாதி ஊசியை எடுக்கத் திரும்பினார்.

அப்போதுதான் யன்னலோரத்துக் குரல் கேட்டது. "ஐயா, எந்தக் கையில ரத்தம் எடுத்தவங்க?"

"சேலைன் ஏறுற இந்தக் கையிலதான் மகள். மத்தக் கையில நரம்பு அம்பிடல்ல."

"நாங்க ஊசியைப் பத்திக் கதைச்சா இவ கையைப் பத்திக் கேக்கிறா" என்றான் காலையில் இரத்தம் எடுத்த மருத்துவ மாணவன்.

அவள் தளரவில்லை. "அந்தச் சேலைன்ல சீனி இருக்கு. நாங்க அளந்தது அதையும் சேர்த்துத்தான். மத்தக் கையில எடுத்துத் தாங்க, பாப்பம்."

அம்மையார் ஊசியைத் தடுத்தார். அம்மாணவனே மறுகையில் பொறுமையாக நரம்பு தேடி எடுத்தான். அவள் இரத்தக் குப்பியுடன் ஆய்வுகூடத்துக்கு ஓடினாள். புதிய அறிக்கையில் சீனி தாழ்ந்தே இருந்தது. இன்சுலின் ஏறியிருந்தால் அம்மனிதர் கண் விழித்திருக்கமாட்டார்.

அத்தகைய குப்பிகளைப் பல்லாண்டு சுமந்தவன் நான். குப்பி போகும், கடதாசி வரும். இடையில் இருப்போருக்கும் நோயாளியிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும் என நான் எண்ணியதேயில்லை. களஞ்சிய அறைக்கு விரைந்தேன். அங்கே கிடைத்தது அவ்வுடைந்த கதிரை ஒன்றே. "உடைஞ்சதுதான் எனக்கா அண்ணன்?" என்று சிரித்தவாறே அமர்ந்தாள். அதன்பின் ஐந்து கதிரைக்குக் குறைவாக நான் போட்டதில்லை.

அண்மையில் அதே விடுதியில் நானே நோயாளியாகக் கிடந்தேன். என்னைச் சுற்றி ஐந்து பிளாஸ்டிக் கதிரைகள், யாவும் ஒரே நிறம். எவர் எத்துறை என்று அவற்றைக் கொண்டு அறிய முடியவில்லை. என் இரத்த அறிக்கையை வாசித்த ஒரு மாணவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் திறக்குமுன்னே வலக்கையை உயர்த்தினேன்.

"சேலைன் மத்தக் கையில மனே. ரத்தம் எடுத்தது இதில."