கற்பூரம் கேட்ட குறுக்கெழுத்து

இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கிருத்திகை என் மனசில் ஆறவில்லை. இந்தக் கோபத்தை எடுத்துக்கொள் என்று முருகனிடமே கேட்டிருக்கிறேன். காலையில் திருநீறு பூசும்போது போய்விட்டதுபோல இருக்கும். மில்லில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் மறுபடி வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவிலும் கிணத்துக்கடவில் எனக்கு இதே மாவு மில்தான். படிப்பு எட்டாவது வரைக்கும்தான். எங்கள் தெருவில் இருந்த சின்ன முருகன் கோயிலில், மாதாமாதம் கிருத்திகை அன்று மண்டபத்துத் தூணில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, சாக்பீஸால் குறுக்கெழுத்துக் கட்டம் போடுவார்கள். போடுகிறவர் பேங்கில் கிளார்க். இங்கிலீஷ் பேப்பரில் வரும் புதிர்களைப் போட்டுப் பழகியவர், அதே மாதிரி தமிழில் செய்துபார்த்தார். நேராகக் கேட்க மாட்டார். ‘வயலில் வந்து மோதும் கடல்நீர், முருகன் வீடு, ஐந்து எழுத்து’ என்று எழுதுவார். வயல் என்றால் மருதம், மோதுவது அலை, இரண்டும் சேர்ந்தால் மருதமலை. விடையை யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் அது எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் சொந்தக் கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். விளக்கம் இல்லாத விடை செல்லாது.

எல்லாவற்றையும் சரியாக எழுதியவருக்கு அடுத்த கிருத்திகை பூஜையில் சாமி கழுத்து மாலையைப் போடுவார்கள். அதற்காகத்தான் நான் மாசம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் பழனிக்குக் காவடி எடுத்துப் போனவன் நான். எங்கள் கோயிலில் சாமி மாலை தர்மகர்த்தா குடும்பத்துக்கும் பூஜைக்குப் பணம் கட்டும் கட்டளைக்காரர்களுக்கும்தான் போகும். மாவு அரைக்கிறவனுக்கு வேறு எந்த வழியிலும் வராது.

அந்த மாதம் எல்லாம் முடிந்து ஒன்று மட்டும் நின்றது. ‘சோலைக்குப் பின்னால் சோற்றையும் கஞ்சியையும் பிரி, சுமப்பவனுக்குக் கனக்காது, மூன்று எழுத்து.’ தெருவில் பாதிப் பேர் ‘பிள்ளை’ என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். பிள்ளையில் சோலை எங்கே இருக்கிறது, கஞ்சி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் சமையல்கட்டு வாசலில் துண்டுச்சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சோற்றுப் பானையைத் தட்டால் மூடிச் சாய்த்தாள்.

“ஏனுங்க, காலை எடுங்க. கஞ்சி வடிக்கறது தெரியலீங்களா? மேல ஊத்திப்போடும்.”

வடிக்கிறது. வடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருவானைக்கா என்றால் யானை இருந்த சோலை என்று ஒரு கதாகாலட்சேபத்தில் கேட்டிருந்தேன். கா என்றால் சோலை. கா, வடி. சுமந்தவனுக்குத்தானே தெரியும், அது கனக்காது என்று.

“காவடி, காவடி” என்று கத்தினேன்.

“பூசத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்குது. மொதல்ல காலை எடுங்க” என்றாள்.

கிருத்திகை வந்தது. சாயங்கால பூஜைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. எல்லாம் சரியாக எழுதியவர் ஒருத்தர்தான் என்று சொல்லி பேங்க்காரர் என்னைக் கூப்பிட்டார். அர்ச்சகர் மாலையைக் கையில் எடுத்துவிட்டார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றேன்.

தர்மகர்த்தா கையை நீட்டித் தடுத்தார்.

“கொஞ்சம் இருங்க. போன வாரம் நீங்க பேங்க்காரர் ஊட்டுக்குப் போனீங்களா?”

“போனனுங்க. ராகி மாவு குடுக்கப் போனேன்.”

“அங்க மேசை மேல சீட்டு ஏதாச்சும் கெடந்துச்சுங்களா?”

“நான் வாசல்லயே குடுத்துப்போட்டு வந்துட்டனுங்க.”

“இல்ல, காலேஜுப் படிச்சவங்களுக்கே வரல. எட்டாவது படிச்சவருக்கு எப்புடி வந்துச்சுன்னு நாலு பேரு கேக்கறாங்க. நான் கேக்கலீங்க.”

யார் அந்த நாலு பேர் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“விளக்கம் கேளுங்க, இப்பவே சொல்றேன்” என்றேன்.

“விளக்கத்தையும் பாத்து எழுதலாமுங்க. எதுக்கு வம்பு, கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிருங்க. மாலையப் போட்டுக்குங்க.”

வரப்புத் தகராறு, திருட்டு என்று வந்தால் எங்கள் பக்கம் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய்யென்றால் குடும்பமே விளங்காது என்பது நம்பிக்கை. நான் வாய்ப்பேச்சுக்குக்கூடச் சாமி சத்தியம் என்று சொல்லாதவன். கரும்பலகைக் கட்டத்துக்காக முருகனைச் சாட்சிக்கு இழுப்பதா?

“பண்ண மாட்டனுங்க” என்றேன்.

“அப்பச் சரி” என்றார் தர்மகர்த்தா. அந்த இரண்டு சொல்லில் என்னைத் திருடனாக்கிவிட்டார்.

பேங்க்காரர் பக்கத்திலேயே நின்றார். விடைச்சீட்டை அவர் வீட்டுக்கே கொண்டுவருவதில்லை, பேங்க் டிராயரில்தான் பூட்டி வைப்பார். அது அவரே எங்களிடம் பலமுறை பெருமையாகச் சொன்னது. அன்றைக்கு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தர்மகர்த்தாவை விட அவர் மேல்தான் எனக்கு இன்றும் அதிகக் கோபம்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. அர்ச்சகர் தட்டில் எரிந்துகொண்டிருந்த பெரிய கற்பூரக் கட்டியின் மேல் வலது கையை வைத்து அழுத்தினாள்.

“நாங் கஞ்சி வடிக்கறப்ப எங்கூட்டுக்காரரு கண்டுபுடிச்சாருங்க. என் கண்ணு முன்னாடி. யாரு சீட்டையும் பாக்கலை. சாமி சத்தியம்.”

அவள் உள்ளங்கையை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

“அட, எதுக்கு அம்மணி இதெல்லாம்” என்றார் தர்மகர்த்தா, தான் ஒன்றுமே கேட்காதவர் மாதிரி. அர்ச்சகர் பக்கம் திரும்பி, “சாமி, மாலையப் போடுங்க” என்றார்.

எனக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. கரும்பலகை முன்னால் போய் நின்று கட்டம் கட்டமாக விளக்கம் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். கடைசி எழுத்து வரைக்கும் விடவில்லை. பிரசாதப் பொங்கல் ஆறுகிறது என்று யாரோ முனகினார்கள். ஆறட்டும் என்றேன். முடித்துவிட்டு, “இந்த மாலை எனக்கு வேண்டாமுங்க. சாமிக்கே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். ரோஷமாக நடந்துகொண்டேன் என்றுதான் வழி நெடுக நினைத்தேன்.

மில்லில் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனபோது அவள் கையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தது.

“நல்லாக் கேட்டுப்போட்டேன்ல?” என்றேன்.

அவள் நிமிரவில்லை.

“மாலைய யாரைக் கேட்டு வேண்டான்னு சொன்னீங்க?”

“அவனுக குடுக்கற மாலை நமக்கு எதுக்கு?”

“அவுங்களா குடுத்தாங்க? சாமி கழுத்துல கெடந்ததுங்க அது. நாங் கையைச் சுட்டுக்கிட்டு வாங்குனேன். நீங்க கூட்டத்துல உங்க ரோஷத்தக் காட்டிப்போட்டு வந்துட்டீங்க.”

தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து கையை நீட்டு என்றேன். வெச்சிட்டுப் போங்க, நானே போட்டுக்குவேன் என்றாள்.

பத்து நாள் இடது கையால்தான் கரண்டி பிடித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தர்மகர்த்தாவையும் பேங்க்காரரையும் நினைத்து அத்தனை நாளும் பல்லைக் கடித்தேன். அவர்களைத் திட்டி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் என் முறை வந்தது.