ஷேடு பார்த்து வாங்கிய வண்டி

பனியன் கம்பெனியில் பாலோ-அப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த வண்டி எடுக்கலாம்?" என்பதைத்தான். என் முதல் வண்டியின் கதை தெரிந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்டுவிட்டார்கள், சொல்லிவிடுகிறேன்.

1. வெள்ளகோவிலில் நடந்த செக்கிங்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். தைத்து வருகிற பனியனை விரித்துப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் ஷேடு, அதாவது சாய நிறம். பார்ப்பதற்கு ஒரே சிவப்புதான் இருக்கும். ஆனால் உடம்புத் துணி ஒரு லாட் சாயம், கைத் துணி வேறு லாட் என்றால் வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தவுடன் பல்லை இளித்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தேன். திமிரும் இருந்தது.

என் ஊர் தெற்கே, தூத்துக்குடியும் தாண்டி, திசையன்விளைப் பக்கம். மனைவி ஜெபாவும் மகள் பிரின்சியும் அங்கே ஜெபாவின் அம்மா வீட்டில் இருந்தார்கள். நான் இங்கே நாலு பேரோடு ஒரு அறையில். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போய், ஞாயிறு காலை இறங்கி, சாயங்காலமே திரும்ப ஏற வேண்டும். பண்டிகைச் சமயத்தில் அந்த நிற்கிற இடத்துக்கும் அடிதடி. பிரின்சி பிறந்த பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமஸும் எனக்குத் திருப்பூரிலேயே கழிந்தன. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் எந்தப் பஸ்ஸையும் கெஞ்ச வேண்டாம், வேலை முடிந்த நிமிஷம் கிளம்பிவிடலாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவ்வளவு தூரம் பைக்கிலா என்று அறைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளகோவிலில் ஒருவர் மகனின் வண்டியை விற்கிறார் என்று தெரிந்து போனேன். நூறு சிசி, நாலு ஸ்ட்ரோக், மெரூன் கலர். வேப்பமரத்தடியில் நின்றது. "கொஞ்சம் வெயிலுக்குக் கொண்டுவாங்க" என்றேன். அவர் தள்ளிக்கொண்டு வந்தார். நான் குனிந்து டாங்க்கைப் பார்த்தேன், சைடு கவரைப் பார்த்தேன், மறுபடி டாங்க்கைப் பார்த்தேன். எட்டி நின்று ஒருமுறை, கிட்டே போய் ஒருமுறை. இம்மிகூட வித்தியாசம் இல்லை. பெயின்ட் டச்-அப் கிடையாது, ஆக்சிடென்ட் வண்டி கிடையாது. மனசுக்குள் 'பாஸ்' போட்டுவிட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறீங்களா?" என்று அந்த மனுஷரே கேட்டார்.

"வேண்டாங்க. நல்லா பார்த்தாச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப சரிங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

காங்கயம் தாண்டுவதற்குள் பின்னால் வந்த ஒருத்தர் ஹாரன் அடித்து அடித்து என்னை ஓரங்கட்டினார். "ஏனுங்க, உங்க வண்டி பொகையறதுல எனக்கு ரோடே தெரியலீங்க!" திரும்பிப் பார்த்தேன். கொசு மருந்து அடித்துக்கொண்டு போனது போல ரோடு முழுக்கப் புகை.

2. மெக்கானிக் கதிர்வேல்

பல்லடம் ரோட்டில் கதிர்வேல் என்று ஒரு மெக்கானிக். வண்டியை ஒரு உறுமல் உறுமவிட்டு உடனே அணைத்தார்.

"ஆயில் குடிக்குதுங்க. எஞ்சின் தேஞ்சு போச்சு. வாங்கறப்ப என்னதானுங்க பாத்தீங்க?"

"டாங்க்குக்கும் சைடு கவருக்கும் கலர் ஒண்ணா இருக்கான்னு பார்த்தேங்க."

கதிர்வேல் கீழே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பனியன் கம்பெனிங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நெனச்சேன். போன மாசம் ஒருத்தர் சீட் தையல இழுத்து இழுத்துப் பாத்துட்டு ஒரு வண்டி எடுத்தாருங்க. அதுக்கு பிரேக்கே இல்ல."

எஞ்சினைப் பிரித்து முழுசாகச் செய்ய அப்போது எனக்கு வக்கில்லை. அதனால் கதிர்வேல் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தச் சொல்லிக் கொடுத்தார். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவைப் பார்க்கணும். ஒரு பாட்டில் ஆயில் எப்போதும் கூடவே இருக்கணும். பிளக்கில் கரி பிடித்தால் கழற்றித் தேய்த்து மாட்டணும். காலையில் சோக்கை இழுத்து, இரண்டு கிக் சும்மா அடித்து, மூன்றாவது கிக்கில் கேட்கணும். அதட்டினால் கிளம்பாது. பழகிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் வேஸ்ட் துணி எடுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பின் சீட்டைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். ஜெபா அதில் ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதை நினைத்துக்கொள்வேன். நினைப்பு என்று சும்மா சொல்கிறேன். ஏக்கம்தான் அது, வேறென்ன.

3. வண்டி இருக்கிற ஆள்

கம்பெனி ஷெட்டில் வண்டியை நிறுத்தியதை ஓனர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள மனுஷர். கூப்பிட்டு அனுப்பினார்.

"வண்டி எடுத்துட்டியாமா, அந்தோணி? இனிமே எதுக்கு டேபிள்ல நின்னு கால் கடுக்கற? நாளையில இருந்து நீ பாலோ-அப் பாரு."

நிட்டிங்கில் துணி ஓடுகிறதா, டையிங்கில் லாட் இறங்கிவிட்டதா, பிரின்டிங்கில் பீஸ் எத்தனை வந்தது என்று யூனிட் யூனிட்டாக அலைந்து விரட்டுகிறவன்தான் பாலோ-அப். சம்பளமும் கூடுதல். சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காக வாங்கிய வண்டி அன்றோடு கம்பெனிக்கு வாக்கப்பட்டுவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. ஜெபாவுக்கென்று துடைத்த சீட்டில் துணி ரோல் உட்கார்ந்தது. டாங்க் மேல் நூல் மூட்டை. காதர்பேட்டையில் பட்டன் வாங்க வேண்டுமா, அந்தோணி. சரக்கு வாங்குகிற பையர் ஆளைக் கூட்டிவர வேண்டுமா, அந்தோணி. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த காலத்தில் மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போனேன். வண்டி வந்த பிறகு அதுவும் நின்றது; மாதக்கணக்கில் ஊர்ப் பக்கமே போகவில்லை.

4. டிசம்பர்

அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு முன்னேற்பாடாக ஒரு மாதம் முன்பே லீவு சொல்லிவிட்டேன். ஊரில் பக்கத்து வீட்டு ஜோசப் அண்ணாச்சி வீட்டில் போன் உண்டு. ஞாயிறுதோறும் அதில்தான் பேச்சு.

"இந்த வருசமாவது வருவியளா?" என்றாள் ஜெபா.

"பைக்ல வாறேன். பஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பிள்ளைட்ட சொல்லிரட்டுமா?"

"சொல்லு."

பண்டிகைக்கு முதல் நாள் கன்டெய்னர் ஏற்ற வேண்டும். அன்று காலை டையிங்கிலிருந்து வந்த கடைசி லாட் ஷேடு அடித்துவிட்டது, கேட்ட நிறம் வரவில்லை. மறுபடி சாயத்துக்குப் போக வேண்டும். ஓனர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"பெரிய நாளுக்கு ஊருக்குப் போகோணும்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா டையிங்ல நின்னு வாங்கீட்டு வர்றதுக்கு வண்டியும் ஷேடு தெரிஞ்ச கண்ணும் உள்ள ஆளு நீ ஒருத்தன்தானே?"

கிறிஸ்துமஸ் அன்று நான் டையிங் வாசலில், சாய வாடையில் நின்றேன். எங்கேயோ கோயில் மணி கேட்டது. ஒரு கோபமும் வரவில்லை, அழுகைதான் முட்டியது. மறுநாள் துணி வந்து, தைத்து, பெட்டி கட்டி, கன்டெய்னர் லாரி கிளம்பும்போது டிரைவர் கையசைத்தார். லாரி போவது தூத்துக்குடி துறைமுகத்துக்கு. அங்கிருந்து என் வீடு எட்டிப் பிடிக்கிற தூரம். நான் ஒட்டிய பெட்டிகள் என் ஊர்ப் பக்கம் போகின்றன, நான் கேட்டில் நிற்கிறேன். அந்தப் பெட்டிகள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

5. திசையன்விளை

அடுத்த நாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் ஆயில் ஊற்றி, ஒரு இடத்தில் பிளக் கழற்றித் தேய்த்து, பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஜெபா கிணற்றடியில் இருந்தாள் போல. பிரின்சி வாசலில் தனியாக மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பிரின்சி, அப்பா வந்திருக்கேன் பாத்தியா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஜோசப் அண்ணாச்சி வீட்டைக் கை காட்டி, ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினாள்.

"எங்கப்பா அங்க போன்லல்லா இருக்காவ."

நான் வண்டியை விட்டு இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டாள். டாங்க் மேல் உட்காரவைத்துத் தெருத் தெருவாகச் சுற்றினேன், கடற்கரை வரைக்கும் போனோம். தூங்குகிற நேரம் தவிர இறங்கவே மாட்டேன் என்றாள். நான் திரும்புகிற அன்று காலை, கிக் அடித்த சத்தம் கேட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டாள். இன்னொரு சுற்றுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துவிட்டாள். கண்ணாடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜெபாதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு பிடித்து இரண்டு பேரையும் கூட்டி வந்துவிட்டேன். அதற்காக ஓனரிடம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டவுடன் லீவு கொடுத்தார். இவர்களைக் கூட்டிவர என்று முன்பே கேட்டிருந்தால் அப்போதும் கொடுத்திருப்பாரோ என்னவோ.

ஆகவே தம்பிகளே, வண்டி எடுங்கள். எந்த வண்டி என்று கதிர்வேல் மாதிரி ஆளைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். ஆனால் வண்டி எடுத்திருப்பதைக் கம்பெனியில் சொல்வதற்கு முன்னால் பெண்டாட்டி பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன். பிரின்சி முதலில் நடந்ததையும், முதலில் பேசியதையும் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. எனக்கு அவளுடைய அந்த முதல் மூன்று வருஷம் வேண்டும். இப்போதும் வேண்டும்.