தோப்புக் கேமராவின் கம்ப்யூட்டர்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. யானை வருகிறதா என்று பார்க்கத் தென்னந்தோப்பில் நான்கு கேமரா வைத்திருந்தார் அந்த வீட்டுக்காரர். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை யானைதான் அவரைக் கொன்றது. மூன்று மாதம் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். கோவையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில்.

“யானை இன்னும் வருதுங்க. கேமரா ஓடியே ஆகோணும். கம்ப்யூட்டர் நின்னு நின்னு போகுது. பழைய பதிவு மட்டும் போயிறக் கூடாதுங்க,” என்றார்.

பதிவுகள் தனி டிஸ்க்கில் இருந்தன. அதைத் தொடாமல், மற்ற டிஸ்க்கில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து போட்டேன். பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

“போயிருச்சுங்களா?” பின்னால் நின்ற அந்தம்மா கேட்டார்.

பென்டிரைவைத் திரும்பச் செருகினேன். புதிதாகப் போட்ட லினக்ஸ் எழுந்தது! அப்போதுதான் என் தவறு புரிந்தது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் கிரப் என்ற சின்ன நிரலை, டிஸ்க்குக்குப் பதிலாகப் பென்டிரைவில் எழுதியிருக்கிறேன். கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து அதை டிஸ்க்கிலேயே எழுதினேன். இந்த முறை பென்டிரைவ் இல்லாமலே எழுந்தது. அந்தம்மா பெருமூச்சு விட்டு, டீ வைக்க உள்ளே போனார்.

பதிவுகள் பத்திரமா என்று பார்க்க ஃபோல்டரைத் திறந்தேன். சின்னச் சின்னப் படங்களாக ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. தென்னை, வேலி, மறுபடி தென்னை. யானை கொன்ற அன்றைய தேதியிட்ட படத்தில் அந்த வீட்டுக்காரர். கையில் டார்ச். வீட்டுப் பக்கம் திரும்பி, கூப்பிடுவதுபோல் வாயை முழுசாகத் திறந்தபடி நின்றார். சட்டென்று மூடிவிட்டேன்.

டம்ளரை நீட்டியபடி அந்தம்மா கேட்டார்: “எல்லாம் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்லைங்க.”

“நானும் பாக்கலைங்க. அழிக்கவும் மனசு வரலை.” தோப்புப் பக்கம் பார்த்தார். “ஒரு சத்தம்கூடப் போடலைங்க அவரு. போட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்குமுங்க. ஊட்டுக்குள்ளதான படுத்திருந்தேன்.”

“ஆமாங்க,” என்றேன்.

கேமராக்கள் இன்றுவரை ஒழுங்காக ஓடுகின்றன. எப்போதாவது ஒரு சந்தேகம் கேட்க அந்தம்மா போன் செய்வார். மணி அடித்ததும் உடனே எடுக்க முடிவதில்லை. அந்தப் பதிவைப் பார்த்துவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.