கையுறைக் கடைப் பெண்

மெல்பேர்னில் நாங்கள் முதலில் குடியிருந்தது பிரன்ஸ்விக்கில், ஓர் இத்தாலியப் பெண்மணியின் வீட்டுப் பின்பக்கத்தில். இரண்டு அறை, ஒரு குசினி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கணவருக்கு ஒரு கந்தோரில் கட்டடப் படம் வரையும் வேலை. நான் வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு.

வீட்டுக்காரப் பெண்மணியை எல்லாரும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. எப்போதும் கறுப்பு உடுப்புத்தான். கணவனை இழந்ததால் என்று நினைத்திருந்தேன். மகளுக்காகவும்தான் என்பது பிறகு தெரிந்தது. ஒரே மகள். படத்தில் நடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ரோமுக்குப் போனவள். ஒரு படத்தில் சின்ன வேடமும் கிடைத்திருக்கிறது. அது வெளிவருவதற்கு முன்பே, ஸ்கூட்டரில் போனவளை ஒரு லொறி அடித்துவிட்டது. தாய்க்குத் தந்தி வந்து சேர்ந்தபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது.

இதை அவர் எனக்குச் சொன்னது என் பிள்ளை போன பிறகு.

மாதம் நிறைந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. நான் தலையைத் தூக்குவதற்குள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். "பார்க்காமல் இருப்பதுதான் உனக்கு நல்லது" என்று தாதி என் தோளைத் தடவினாள். கெட்ட மனுசி அல்ல. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அடக்கத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகக் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண் குழந்தை என்பதைக்கூட அவர் சொல்லித்தான் அறிந்தேன். அவரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அவர் வேலைக்குப் போய்வந்தார், சமைத்தார், என் தலையைக்கூட வாரிவிட்டார். பிள்ளையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சிஞ்ஞோரா சூப்போடு வந்து கட்டிலருகே கதிரையில் இருப்பார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வரும். இங்கே தமிழில் எழுதும்போதுதான் சரளமாகத் தெரிகிறது. ஒருநாள், கேட்காமலே, மகளின் கதையைச் சொன்னார். அடுத்த நாள் நான் எழுந்து குசினிக்குப் போய்த் தேநீர் போட்டேன்.

சில மாதங்களில் அந்தப் படம் மெல்பேர்னுக்கு வந்தது. இத்தாலியப் படம் மட்டுமே ஓடும் தியேட்டர்கள் அப்போது இங்கே இருந்தன. ரொட்டிக் கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், உன் மகள் வருகிறாள், ஆனால் நீ போகாதே என்று. அது கொலைப் படம். இத்தாலியில் கொலைக் கதைப் புத்தகங்கள் மஞ்சள் அட்டையில் வருமாம். அதனால் இந்த மாதிரிப் படத்துக்கும் மஞ்சள் என்றே பெயர்.

"நீலப் படம் கேள்விப்பட்டிருக்கிறன். இதென்ன மஞ்சள்?" என்றார் கணவர். பிள்ளை போன பிறகு அவர் பகிடி விட்டது அன்றுதான். பிறகு முகம் மாறி, "நீர் போகத்தான் வேணுமோ? கத்தியும் ரத்தமுமா இருக்குமாம்" என்றார்.

"அவ தனியப் போகேலாது."

"ஏன், அவவின்ரை ஆக்கள் இல்லையோ?"

அதையே நானும் சிஞ்ஞோராவிடம் கேட்டிருந்தேன். "அவர்கள் வந்தால் எனக்காக அழுவார்கள். அவர்களைத் தேற்றவே நேரம் போய்விடும். நீ சும்மா பக்கத்தில் இரு" என்றார்.

ஞாயிறு மதியக் காட்சி. கோயிலுக்குப் போட்ட உடுப்போடேயே குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஊறவைத்த ஏதோ பருப்பைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. எனக்கு மொழி தெரியாது. ஆனாலும் கொலைகாரன் யார் என்றுதான் சண்டை பிடிக்கிறார்கள் என்பது கைகள் போன போக்கிலேயே விளங்கியது. ஒருவர் திரையிலிருந்த டொக்டரைக் காட்டிக் கத்தினார். அவருடைய மனைவி ஒரு பாதிரியாரில் சந்தேகப்பட்டாள்.

மகள் வந்தது கையுறைக் கடையில் விற்கும் பெண்ணாக. முகம் காட்டாத ஒரு ஆள் கறுப்புக் கையுறை கேட்கிறான். அவள் அதை அவன் கையில் மாட்டி, விரல் விரலாக இழுத்துச் சரிபார்த்து, சிரித்து ஏதோ சொல்கிறாள். சிஞ்ஞோரா முன்னால் இருந்த இருக்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் வாய் திறந்ததும் பிடி தளர்ந்தது.

"இது அவளுடைய குரல் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"வேறு யாரோ பேசுகிறாள். என் பிள்ளை இங்கே வளர்ந்தவள். அவளுடைய இத்தாலியன் இப்படி இருக்காது."

அந்தப் படங்களில் குரலைப் பிறகுதான் சேர்ப்பார்களாம், பல நேரம் வேறு ஆளை வைத்து. அவர் வந்ததே குரலைக் கேட்கத்தான். முகத்துக்கு வீடு முழுக்கப் போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவள் தன் அறையில் கண்ணாடி முன் தலை வாருகிறாள். பின்னால் கதவு மெல்லத் திறக்கிறது. தியேட்டரே எழும்பி அவளுக்கு எச்சரிக்கை சொன்னது. யாரோ விசிலடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலறலும் அந்த வேறு யாரோ ஒருத்தியுடையதுதான். கண்ணைத் திறந்தபோது அவள் உடைந்த கண்ணாடிக்கு நடுவே கிடந்தாள். பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா கண் இமைக்காமல் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "கழுத்தைப் பார்."

தொண்டைக்குழி மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. பிணமாகக் கிடக்க வேண்டியவள் மூச்சை அடக்க மறந்திருந்தாள். பின்வரிசையில் ஒருவன் அதைக் கண்டு உரக்க ஏதோ சொல்ல, தியேட்டர் முழுவதும் சிரித்தது.

"செத்தவள் மூச்சு விடுகிறாளாம்" என்றார் சிஞ்ஞோரா. பிறகு திரும்பி, அவனைப் பார்த்து, தன் மொழியில் ஒரு சொல் சொன்னார். ஆமோதிக்கிறார் என்பது தலையசைப்பில் தெரிந்தது. அவரும் பகிடிதான் விடுகிறார் என்று நினைத்து அவன் இன்னும் பலமாகச் சிரித்தான்.

எனக்கு அதற்குமேல் இருக்க முடியவில்லை. வெளியே வந்து படியில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோராவும் வந்து பக்கத்தில் இருந்தார். எதிரே டிராம்கள் போய்க்கொண்டிருந்தன.

"உன்னுடையது மூச்சு விட்டதா?"

"தெரியாது."

"முகம் எப்படி?"

"காட்டவில்லை."

"எங்கே வைத்திருக்கிறார்கள்?"

அதுவும் தெரியாது என்றேன். இத்தனை நாளும் சூப் கொண்டுவந்தவருக்கு இது புதுச் செய்தி. கோபத்தில் அவருடைய ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. நெடுநேரம் இத்தாலியனிலேயே பேசினார்.

படம் ஓடிய நாள்வரைக்கும் அவர் தனியாகப் போய்வந்தார், அந்த மூச்சைப் பார்க்க. பிறகு படப்பெட்டியைச் சிட்னிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே என்னையும் கணவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"இதைக் கிளறி என்ன செய்யப்போறீர்?" என்று கணவர் வழியெல்லாம் கேட்டார். ஆனாலும் வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு சவக்காலையின் பெயரைச் சொன்னார்கள். அங்கே வேலி ஓரமாக ஒரு நீளப் புல்தரை. கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. புல் வெட்டிக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இந்த வரிசையில் எங்கேயோதான், நிறையப் பிள்ளைகள், எது எதென்று தனக்குத் தெரியாது என்றார்.

சிஞ்ஞோரா என்னிடம், "பெயர் என்ன?" என்று கேட்டார்.

பெயர் வைக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒன்று வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னபோது அவர் வாயில் வேறு மாதிரி வந்தது. நான் திருத்தவில்லை.

கணவர் என்னைப் பார்த்தார். "எனக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் அந்தப் புல்லில் குந்தி இருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் இருவரும் அவர் எழும்பும்வரை பக்கத்தில் நின்றோம்.